பயறு வயலில் வேர்முடிச்சுகளை வேலை செய்ய வைப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிமுறை

பயறு விதைத்துவிட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) தானாகவே வந்து சேரும் என்ற நம்பிக்கையோடு தொடங்குபவர்கள் பலர். பயிர் வெளுத்துப் போகும்போது, அடுத்த ஆண்டு, வேரில் குடியேறும் பாக்டீரியாவான ரைசோபியத்தை ஒரு பொட்டலம் வாங்கி விதையில் கலந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் வழக்கம். இரண்டுமே பாதி உண்மைதான். காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவது பாக்டீரியா என்றாலும், அதற்கு இடம் கொடுப்பதா, எத்தனை முடிச்சுகளை வளர்ப்பது, அவற்றுக்கு எவ்வளவு சர்க்கரை ஊட்டுவது என்பவற்றையெல்லாம் முடிவு செய்வது செடி. ஆகவே செடியைத் தடுக்கும் காரணம் எது என்று கண்டுபிடித்து நீக்குவது முதல் வேலை. பொட்டலத்தைப் பிரிப்பது அதற்குப் பிறகு. இந்தக் கட்டுரையின் படிகளும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

வேருக்குள் நடப்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால், பின்னால் சொல்லப்படும் ஒவ்வொரு படிக்கும் காரணம் விளங்கும். தழைச்சத்துப் பற்றாக்குறையை உணரும் செடி, ஃபிளேவனாய்டு எனப்படும் வேதிப்பொருள்களை வேரிலிருந்து மண்ணில் கசியவிடுகிறது. அதை உணரும் பொருத்தமான ரைசோபியம் பாக்டீரியா தன் பங்குக்கு ஒரு சமிக்ஞையை அனுப்ப, வேர்த்தூவி வளைந்து சுருண்டு பாக்டீரியாவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. (நிலக்கடலை இதற்கு விதிவிலக்கு, அதில் பக்கவேர் வெடித்து வெளிவரும் இடத்து விரிசல் வழியாகவே பாக்டீரியா நுழைகிறது.) அதனால் வேரில் உண்டாகும் சிறு வீக்கமே முடிச்சு. அதற்குள் நைட்ரோஜினேஸ் என்னும் நொதி காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன, அந்த ஆற்றல் முழுவதும் இலை தயாரித்த சர்க்கரையிலிருந்துதான் வரவேண்டும். இவ்வளவு செலவு பிடிக்கும் வேலையை, வேர் நேரடியாக உறிஞ்சக்கூடிய தழைச்சத்தான நைட்ரேட் மண்ணிலேயே தாராளமாகக் கிடைக்கும்போது எந்தச் செடியும் மேற்கொள்வதில்லை.

முதல் படி: மண்வெட்டியோடு வயலில் இறங்குங்கள்

விதைத்து நான்கு முதல் ஆறு வாரங்களில், பூக்கும் பருவத்துக்குச் சற்று முன்பாகவோ அப்பருவம் தொடங்கும்போதோ வேரைப் பார்க்க வேண்டும். செடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் முடிச்சுகள் உதிர்ந்து மண்ணிலேயே தங்கிவிடும், நீங்களும் முடிச்சே இல்லை என்று தவறாக முடிவு கட்டுவீர்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, ஒரு சாண் ஆழத்துக்கு மண்கட்டியோடு பெயர்த்தெடுங்கள். அதை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, மெல்ல அசைத்தால் மண் கரைந்து இறங்கிவிடும். வயலின் நல்ல பகுதியிலும் மோசமான பகுதியிலுமாகப் பத்துச் செடிகளையாவது பாருங்கள்.

பிறகு ஒரு முடிச்சை நகத்தாலோ பிளேடாலோ இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு அல்லது இரத்தச் சிவப்பு தெரிந்தால் அந்த முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். அந்த நிறத்துக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம். நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும், பாக்டீரியாவோ சுவாசிக்க ஆக்சிஜன் இன்றி வாழாது. இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவில் ஆக்சிஜனை அளந்து கொடுப்பதே அந்தச் சிவப்பின் வேலை. உள்ளே வெண்மையாக இருந்தால் முடிச்சு இன்னும் முதிரவில்லை, அல்லது உள்ளே இருக்கும் பாக்டீரியா சோம்பேறி. பச்சையோ பழுப்போ என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது.

புதியவர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வேர்முடிச்சு நூற்புழு தாக்கினாலும் வேரில் வீக்கங்கள் தோன்றும். ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருப்பது போலிருக்கும். விரலால் தள்ளினால் கழன்று வரும். நூற்புழு வீக்கமோ வேரே பருத்து உருவானது. அதைத் தனியாகப் பிரிக்க முடியாது, பிளந்தாலும் சிவப்பு தெரியாது.

முடிச்சுகள் எங்கே இருக்கின்றன என்பதும் செய்தி சொல்லும். ஆணிவேரின் மேற்பகுதியில் கொத்தாகப் பருத்திருந்தால் விதையோடு போன பாக்டீரியா அங்கே குடியேறியிருக்கிறது என்று கொள்ளலாம். பக்கவேர்களில் சிதறிக் கிடப்பவை பெரும்பாலும் மண்ணில் ஏற்கெனவே இருந்த கூட்டத்தால் உண்டானவை.

பார்த்ததை இவ்வாறு படித்துக்கொள்ளுங்கள். இலை கரும்பச்சையாகவும் முடிச்சுகள் பருத்துச் சிவந்தும் இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். இலை பச்சை, முடிச்சு மிகக் குறைவு என்றால் மண்ணில் நைட்ரேட் அதிகம். செடிக்குத் தேவை ஏற்படவில்லை. இலை மஞ்சள், முடிச்சே இல்லை என்றால் பொருத்தமான பாக்டீரியா இல்லை, அல்லது அமிலம், உவர், நீர்த்தேக்கம் போன்ற ஏதோ ஒன்று அதைக் கொன்றுவிட்டது. இலை மஞ்சள், ஆனால் சிறிய வெள்ளை முடிச்சுகள் ஏராளம் என்றால், அங்கே திறமையற்ற உள்ளூர்ப் பாக்டீரியா இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது மாலிப்டினம் போன்ற ஒரு நுண்ணூட்டம் குறைந்திருக்கலாம். முடிச்சு சிவந்திருந்தும் செடி குட்டையாக நின்றால் மணிச்சத்தையோ (பாஸ்பரஸ்) கந்தகத்தையோ சந்தேகியுங்கள்.

இரண்டாம் படி: மூன்று பட்டைகளில் ஒரு சோதனை

சந்தேகத்தைத் தீர்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வயலின் ஒரு மூலையில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று பட்டைகள் ஒதுக்குங்கள். ஒன்றில் ரைசோபியமும் இல்லை, தழைச்சத்து உரமும் இல்லை. இரண்டாவதில் ரைசோபியம் கலந்த விதை. மூன்றாவதில் ரைசோபியம் இல்லாமல், தழைச்சத்து உரம் மட்டும் தாராளமாக. மணிச்சத்து முதலிய மற்றவை மூன்றுக்கும் ஒன்றே. விதைக்கும்போது முதலாம் பட்டையையும் மூன்றாம் பட்டையையும் முடித்துவிட்டு, ரைசோபியம் பட்டையைக் கடைசியில் விதையுங்கள். கையிலும் கருவியிலும் ஒட்டிய பாக்டீரியா மற்றப் பட்டைகளுக்குப் போய்விட்டால் சோதனை வீண்.

பூக்கும் பருவத்தில் மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒரே பச்சையாக இருந்து, முதல் பட்டையில் முடிச்சுகள் சிவந்திருந்தால் உங்கள் மண்ணில் உள்ள பாக்டீரியாவே போதும். மூன்றும் ஒரே பச்சை, முதல் பட்டையில் முடிச்சும் இல்லை என்றால் மண்ணின் நைட்ரேட்டே பயிரைக் காக்கிறது. முதலாவது வெளுத்து, இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுபோல் இருந்தால் ரைசோபியம் தன் வேலையைச் செய்கிறது. மூன்றாவது மட்டும் தனித்துப் பச்சையாக நின்றால், பாக்டீரியா போய்ச் சேரவில்லை அல்லது மண் அதை வேலை செய்ய விடவில்லை. மூன்றுமே வாடி வெளுத்திருந்தால் குறை தழைச்சத்தில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது.

மூன்றாம் படி: மண்ணைச் சரிசெய்தல்

பொட்டலத்துக்குச் செலவிடும் கவனத்தில் பாதியை இங்கே செலவிட்டால் பலன் அதிகம் என்பது என் கருத்து.

மண்ணின் கார அமில நிலையை (pH) முதலில் சோதியுங்கள். பெரும்பாலான பயறுவகைகளுக்கு 6 முதல் 7 வரையிலான அளவு ஏற்றது. 5.5-க்குக் கீழே போகப்போக அலுமினியம் கரைந்து வேர்நுனியைச் சுடுகிறது, சுண்ணாம்புச்சத்து குறைந்து பாக்டீரியா வேர்த்தூவியில் பற்றிக்கொள்வதே தடைப்படுகிறது. பல இடங்களில் செடி தாங்கும் அமிலத்தைக்கூடப் பாக்டீரியா தாங்குவதில்லை. குதிரைமசால் என்னும் தீவனப்பயிரின் கூட்டாளிப் பாக்டீரியா அமிலத்துக்கு மிகவும் அஞ்சும் வகை, சோயாவின் கூட்டாளி ஓரளவு சமாளிக்கும். மண் பரிசோதனை சொல்லும் அளவு சுண்ணாம்புத்தூளை விதைப்புக்குச் சில மாதங்கள் முன்பே இட்டு மண்ணில் கலந்துவிடுங்கள். விதைப்பன்று தூவினால் அந்தப் பருவத்துக்கு அது முழுமையாக உதவாது.

அடுத்தது மணிச்சத்து. ஏ.டி.பி. என்ற அந்த ஆற்றல் நாணயமே பாஸ்பரஸ் இல்லாமல் உருவாகாது. மணிச்சத்து குறைந்த மண்ணில் எவ்வளவு நல்ல ரைசோபியம் இட்டாலும் முடிச்சுகள் சிறுத்தே நிற்கும்; அத்தகைய மண்ணில் முதல் செலவு மணிச்சத்துக்கே போகவேண்டும்.

நுண்ணூட்டங்களில் மாலிப்டினத்தைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் அது நைட்ரோஜினேஸ் நொதியின் நடுவிலேயே இரும்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. 1942-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில் ஏ. ஜே. ஆண்டர்சன் என்ற ஆய்வாளர், பயறுவகைத் தீவனப்பயிர் வளர மறுத்ததற்கு இந்தத் தனிமக் குறைபாடே காரணம் என்று கண்டறிந்தார். எக்டேருக்குச் சில பத்து கிராம் மாலிப்டினமே போதுமானது. கிலோ கணக்கில் தேவைப்படும் உரங்களோடு பழகியவர்களுக்கு இந்த அளவு நம்ப முடியாததாக இருக்கும். அமில மண்ணில் இது இறுகிப்போகும்; கார அமில நிலையை உயர்த்தினாலே பல நேரம் தானாக விடுபட்டுச் செடிக்குக் கிடைத்துவிடும். இரண்டு எச்சரிக்கைகள்: சோடியம் மாலிப்டேட்டை ரைசோபியத்தோடு ஒரே கரைசலில் கலந்தால் பாக்டீரியா சாகும், ஆகவே அதை மண்ணிலோ இலைவழியோ தனியாகக் கொடுங்கள். அளவு மீறினால், அந்தத் தழையை மேயும் மாடு ஆடுகளுக்குத் தாமிரக் குறைபாடு ஏற்படும்.

தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் ஓரிரு நாளிலேயே முடிச்சுகள் முடங்கும். பாத்தி உயர்த்தியோ வடிகால் வெட்டியோ இதைத் தவிர்க்க வேண்டும். வறட்சியும் அப்படியே: இலை வாடுவதற்கு முன்பே முடிச்சின் வேலை குறைந்துவிடும்.

தழைச்சத்து உரத்தைப் பொறுத்தவரை கையைக் கட்டிக்கொள்வதே நல்லது. மிகவும் வறிய மணல் மண்ணில் முடிச்சு உருவாகும் வரை செடியைத் தாங்க எக்டேருக்கு 10 முதல் 20 கிலோ நைட்ரஜன் உதவலாம். அதற்கு மேல் இடுவதெல்லாம் முடிச்சை உறங்கச் செய்யும். பயறுக்கு முந்தைய பயிருக்கு உரம் மிஞ்ச இட்டிருந்தாலும், விதைப்புக்குச் சற்று முன் நன்கு மட்கிய தொழுவுரத்தைக் கொட்டியிருந்தாலும் இதே விளைவுதான். சோளம், மக்காச்சோளம் போன்ற தானியத்தை ஊடுபயிராகச் சேர்த்தால் அது நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ள, பயறு வேறு வழியின்றிக் காற்றை நாடும்.

நான்காம் படி: பொருத்தமான ரைசோபியத்தைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாப் பயறுக்கும் ஒரே பாக்டீரியா உதவாது. கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம் இனம், சோயாவுக்கு அதற்கே உரிய பிராடிரைசோபியம், பட்டாணி, மசூர் ஆகிய இரண்டுக்கும் ஒரே வகை, குதிரைமசாலுக்கு வேறொரு வகை, பீன்ஸுக்கு மற்றொன்று. தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, துவரை, நிலக்கடலை ஆகியவை ஒரு பெரிய பிராடிரைசோபியம் கூட்டத்தைப் பகிர்ந்துகொள்பவை. வெப்ப மண்டல மண்ணில் அந்தக் கூட்டம் பரவலாக இருப்பதால் இவற்றுக்கு முடிச்சு எளிதில் வரும், ஆனால் அது திறமையான முடிச்சுதானா என்பதை வெட்டிப் பார்த்தே சொல்லவேண்டும். இதற்கு முன் ஒருபோதும் சோயா பயிரிடாத நிலத்தில் சோயாவை ரைசோபியம் இல்லாமல் விதைப்பது, என்னைக் கேட்டால், தெரிந்தே செய்யும் தவறு. சோயாவில் இதன் பலனைப் பிரேசில் அளவுக்கு எடுத்துக்கொண்ட நாடு இல்லை. அங்கே தழைச்சத்து உரமே இல்லாமல் பெரும்பகுதி சோயா விளைகிறது. அதற்கு உழைத்த நுண்ணுயிரியல் அறிஞர் மரியாஞ்செலா ஹுங்ரியாவுக்கு 2025-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பொட்டலத்தில் பயிரின் பெயர், காலாவதித் தேதி, பாக்டீரியா எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பாருங்கள். தரமான தயாரிப்பில் ஒரு கிராமில் 10 கோடி முதல் 100 கோடி வரை உயிருள்ள பாக்டீரியா இருக்கும். இது உயிருள்ள பொருள் என்பதை மறந்துவிட்டு, வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளோ பூச்சிக்கொல்லி அலமாரியிலோ வைத்தால், நீங்கள் விதையில் தடவப்போவது பாக்டீரியா செத்து, அதைச் சுமந்த வெறும் கரித்தூள்தான்.

ஐந்தாம் படி: விதை நேர்த்தி

காலையிலோ மாலையிலோ, நிழலான இடத்தில், அன்று விதைக்கப்போகும் விதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெல்லத்தையோ சர்க்கரையையோ தண்ணீரில் பத்து விழுக்காட்டு அளவில் கரைத்து ஆறவைத்தால் நல்ல ஒட்டுத்திரவம் கிடைக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் முதல் நாளே திறந்த பாத்திரத்தில் பிடித்து வைத்துவிடுங்கள். பொட்டலம் சொல்லும் அளவுப் பொடியை இந்தத் திரவத்தில் குழைத்து, அகன்ற தட்டில் பரப்பிய விதைமீது ஊற்றி, இரு கைகளாலும் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள், பிசையக் கூடாது. ஒவ்வொரு விதையும் மெல்லிய கறுப்புப் பூச்சோடு, ஈரமாக மினுங்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்தால் பதம் சரி. அடியில் திரவம் தேங்கி நின்றால் அளவு அதிகம். விதைத்தோல் ஊறி உரிந்துவிடும். அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றே ஈர மண்ணில் விதையுங்கள். பெரிய விதை ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பாக்டீரியா ஒட்டியிருப்பது நல்ல இலக்கு. மணிக்கணக்கில் காய விட்டால் அந்த எண்ணிக்கை மளமளவென்று சரியும்.

பூஞ்சாணக்கொல்லியும் தேவைப்பட்டால் அதை முதலில் இட்டு, ஒரு நாள் கழித்து, கடைசியாக ரைசோபியத்தைக் கலக்கவேண்டும். திரம், கேப்டான் போன்றவை பாக்டீரியாவைத் தாக்கக்கூடியவை. அத்தகைய விதைக்கு ரைசோபியத்தை விதையில் ஒட்டாமல், மணலோடோ மட்கிய எருவோடோ கலந்து விதைச்சாலில் இடுவது பாதுகாப்பானது. தோல் எளிதில் உரியும் நிலக்கடலைக்கும், வெப்பம் மிகுந்த வறண்ட மண்ணுக்கும் இந்தச் சால்முறையே நல்லது. ரசாயன உரத்தோடு ஒரே பெட்டியில் ரைசோபியம் கலந்த விதையைப் போடாதீர்கள்.

விதைத்த பிறகு

விதையிலையின் சேமிப்பு தீர்ந்து, முடிச்சு இன்னும் முழுமையாக வேலை தொடங்காத இரண்டு மூன்று வாரப் பருவத்தில் பயிர் சற்றே வெளுக்கும். அதைப் பார்த்துப் பதறி யூரியாவைத் தூவுபவர்களே அதிகம். தூவியவுடன் இலை பச்சையாவதும் முடிச்சு சுருங்குவதும் ஒன்றாகவே நடக்கும். ஒரு வாரம் பொறுத்து, வேரைத் தோண்டிப் பார்த்து, முடிச்சு சிவக்கத் தொடங்கியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பூக்கும் பருவத்தில் வெட்டிப் பார்த்தும் சிவப்பே இல்லையென்றால் கூட்டணி தோற்றுவிட்டது. அப்போது தழைச்சத்து உரம் கொடுத்துப் பயிரைக் காப்பாற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய் முற்றும்போது முடிச்சுகள் பச்சையாகிச் சுருங்குவது இயல்பு.

அறுவடைக்குப் பின் மண்ணில் என்ன மிஞ்சும் என்பதில் பலருக்கும் மிகையான நம்பிக்கை உண்டு. ஒரு தோராயக் கணக்கு: தரைக்கு மேலுள்ள செடியின் உலர் எடையில் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 20 கிலோ நைட்ரஜன் காற்றிலிருந்து வருகிறது. 3 டன் உலர் எடை தரும் கொண்டைக்கடலை வயலில் அது 60 கிலோ. அதில் 1 டன் மணியாக வெளியேறினால் 35 முதல் 40 கிலோ நைட்ரஜன் அதோடு போகும். மிச்சமும் வேரில் உள்ளதும் மண்ணுக்கு. சோயாவிலோ மணியில் மட்டும் 6 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரஜன். 6 டன் உலர் எடையில் 120 கிலோ பிடித்து, 2.5 டன் மணியில் 150 கிலோவை வெளியே அனுப்பிவிடும். வேரில் உள்ளது இந்தப் பள்ளத்தில் ஒரு பகுதியை நிரப்பினாலும், தண்டையும் தோலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனால் மண்ணுக்கு மிஞ்சுவது இழப்புதான். மண்ணை வளப்படுத்துவதே நோக்கமென்றால், மணிக்குப் போகாமல் பூக்கும் பருவத்திலேயே மடக்கி உழவேண்டும்.

நன்கு முடிச்சு பிடித்த நிலத்தில் பாக்டீரியா சில ஆண்டுகள் தங்கியிருக்கும். அமில மண்ணிலும் கோடையில் கொதிக்கும் மணலிலும் அது விரைவில் அழிந்துவிடும். அதனால் ஆண்டுதோறும் ரைசோபியம் கலக்கவேண்டுமா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. ஒவ்வொரு முறை விதைக்கும்போதும் ஒரு பட்டையை மட்டும் ரைசோபியம் கலக்காமல் விட்டு, பூக்கும் தருணத்தில் இரு பக்கமும் பத்துப் பத்துச் செடிகளைத் தோண்டி, சிவந்த முடிச்சுகளை எண்ணிக் குறித்து வையுங்கள். இரு பக்கத்து எண்ணிக்கையும் ஒன்றாக வந்தால் அடுத்த முறை பொட்டலம் வாங்க வேண்டியதில்லை.